அதிவேகக் காட்டுத்தீ: வருவதற்கு முன்பும் வந்துபோன பின்பும் கிராமத்தார் செய்ய வேண்டியவை – முழுமையான வழிகாட்டி

காட்டுத்தீ என்றால் தூரத்து மலையில் நாள்கணக்கில் புகைந்துகொண்டிருப்பது என்றுதான் பலருக்கும் நினைப்பு. அந்த மாதிரித் தீ ஊருக்குள் வருவது குறைவு. ஊரை அழிப்பது வேறு வகை. 2001 முதல் 2020 வரை அமெரிக்காவில் பிடித்த காட்டுத்தீக்களை ஆராய்ந்து 2024-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஒரே நாளில் 1,620 ஹெக்டேருக்கு மேல் பரவிய தீக்கள் மொத்த எண்ணிக்கையில் 3 சதவீதம்கூட இல்லை, ஆனால் எரிந்துபோன கட்டடங்களில் 78 சதவீதம் அந்தத் தீக்களால்தான் போயிருக்கின்றன. 2021 டிசம்பர் 30 அன்று கொலராடோவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சில மணி நேரத்தில் சாம்பலாயின. அங்கே தீயைக் கொண்டுவந்தது அடர்ந்த காடு இல்லை, காய்ந்த புல்லும் மணிக்கு 160 கி.மீ. வேகத்தைத் தொட்ட காற்றும்.

இந்த வழிகாட்டி அந்த வேகத் தீயைப் பற்றி மட்டும்தான். நிலமும் மாடும் கிணறும் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தீ வருவதற்கு முன்னால் அவசரப்பட வேண்டும், தீ போன பிறகு நிதானிக்க வேண்டும். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். புகை வாசலுக்கு வரும்வரை காத்திருக்கிறார்கள், அப்புறம் சாம்பல் ஆறுவதற்குள் மண்வெட்டியோடு போய் நிற்கிறார்கள்.

படி 1: தீ எப்படி ஓடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நான்கு விஷயம் போதும்.

முதலாவது புல். காய்ந்த புல்வெளியில் தீ மணிக்கு 20, 25 கி.மீ. வேகத்தில் போகும். மேடு பள்ளத்தில், புகைக்குள், செருப்புக் காலோடு அந்த வேகத்தில் எந்த மனிதனாலும் ஓட முடியாது.

இரண்டாவது சரிவு. மேல்நோக்கிப் போகும்போது ஒவ்வொரு 10 டிகிரிச் சரிவுக்கும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 20 டிகிரி என்றால் நான்கு மடங்கு. தீ கீழே இருக்கிறது, நாம் மேட்டில் இருக்கிறோம், அதனால் பாதுகாப்பு என்று நினைப்பதைப் போல ஆபத்தான நினைப்பு வேறு இல்லை.

மூன்றாவது காற்று, முக்கியமாகக் காற்று திசை மாறும் நேரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காற்று ஒரே பக்கம் அடிக்கும்போது தீ நீளமான நாக்கு போல ஓடும், அதன் முனைதான் ஆபத்தானது, பக்கவாட்டு ஓரங்கள் மெதுவாகத்தான் நகரும். காற்று குறுக்காகத் திரும்பியதும் அந்த நீண்ட ஓரம் முழுவதும் புது முனையாகிவிடும். அதுவரை இரண்டு மூன்று கி.மீ. அகலமாக இருந்த தீயின் முகப்பு இப்போது இருபது முப்பது கி.மீ. அகலம். 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது கில்மோர் ஈஸ்ட் அருகே தொடங்கிய ஒரே தீ. மாலையில் காற்று திசை மாறித் தென்மேற்கிலிருந்து அடித்ததும் அதன் பக்கவாட்டு ஓரம் ஊர்களின் மேல் பாய்ந்தது. ஆகவே வானிலை அறிக்கையில் 'எவ்வளவு காற்று' என்பதோடு நிறுத்தாமல், 'எத்தனை மணிக்குத் திசை மாறும்' என்பதையும் பாருங்கள்.

நான்காவது பொறி. எரியும் மரப்பட்டைத் துண்டுகளைக் காற்று தூக்கிக்கொண்டு போய்ப் போடும். விக்டோரியாவில் அன்று முகப்புக்கு 30 கி.மீ.க்கும் அப்பால் பொறி விழுந்து புதுத் தீ பிடித்தது. நடுவில் ஆறு இருக்கிறது, தார்ச் சாலை இருக்கிறது என்பதெல்லாம் பொறிக்குக் கணக்கே இல்லை.

எந்த நாளில் பயப்பட வேண்டும் என்பதற்கு ஐரோப்பியத் தீயணைப்புக்காரர்கள் சொல்லும் ஒரு எளிய கணக்கு உண்டு: வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ், காற்று மணிக்கு 30 கி.மீ.க்கு மேல். மூன்றும் சேர்ந்த நாளில் வெல்டிங், புல் வெட்டும் இயந்திரம், குப்பை எரிப்பு எதுவும் வேண்டாம். வண்டியைக் காய்ந்த புல்மேல் நிறுத்தவும் வேண்டாம், சைலன்சர் சூடே போதும் பற்றிக்கொள்ள. குளிர்காலத்திலும் வேகத் தீ வரும் என்பதற்குக் கொலராடோவே சாட்சி. அதனால் வெப்பம் குறைவாக இருந்தாலும் புல் காய்ந்து காற்று பலமாக அடித்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

படி 2: வீட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர்

வீடு எப்படிப் பற்றுகிறது என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பெரிய தீச்சுவர் வந்து மோதி எரியும் வீடுகள் குறைவு. கூரை இடுக்கில், காற்றோட்டத் துளையில், சுவரோரச் சருகில் விழுந்த பொறிதான் பெரும்பாலான வீடுகளை எரிக்கிறது, அதுவும் பல நேரம் தீயின் முகப்பு கடந்துபோய் ஒரு மணி நேரம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில். சுற்றிலும் மரங்கள் பச்சையாக நிற்க நடுவில் வீடு மட்டும் எரிந்து கிடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

இதில் நமக்கு நல்ல செய்தியும் இருக்கிறது. ஊர்க் காட்டை முழுக்கச் சுத்தம் செய்ய நம்மால் ஆகாது, ஆனால் வீட்டையொட்டிய ஒன்றரை மீட்டரை யாராலும் சுத்தமாக வைக்க முடியும். அந்தப் பட்டையில் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. விறகடுக்கு, வைக்கோல், தேங்காய்மட்டை, கால்மிதி, பிளாஸ்டிக் நாற்காலி, சன்னலோரப் புதர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். வெறும் மண், கல், சிமென்ட் இருக்கட்டும். அதற்கு அடுத்து 9 மீட்டர் வரை புல்லைக் குட்டையாக வெட்டி, மரக்கிளைகள் ஒன்றையொன்று தொடாமலும் கூரைமேல் தொங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் வரை முடிந்த அளவுக்குச் செடிகொடிகளைக் கலைத்துவிடுங்கள். கூரையிலும் தூம்பிலும் சேர்ந்த சருகை வாருங்கள். காற்றோட்டத் துளைகளுக்கு 3 மி.மீ. அல்லது அதைவிடச் சிறு கண் உள்ள உலோக வலை அடியுங்கள். பிளாஸ்டிக் கொசுவலை உருகிவிடும், அது உதவாது.

வைக்கோல் போரையும் தொழுவத்தையும் டீசல் பீப்பாயையும் ஒரே இடத்தில் வைத்திருந்தால் இந்த வாரமே பிரியுங்கள்.

படி 3: கிளம்பும் முடிவை இன்றே எடுத்து வையுங்கள்

'தீ பக்கத்தில் வந்ததும் கிளம்பலாம்' என்பது திட்டம் அல்ல. 2017 ஜூன் 17 அன்று போர்ச்சுகலின் பெத்ரோகாவ் கிராந்தே பகுதித் தீயில் 66 பேர் இறந்தார்கள், அதில் 47 பேர் தப்பிப் போகும் வழியில் ஒரே நெடுஞ்சாலையில். வீட்டில் இருந்தவர்களைவிடத் தாமதமாகக் கிளம்பியவர்கள் அதிகம் இறந்த நாள் அது. புகையில் வழி தெரியாது, மரம் விழுந்து சாலை அடைபடும், முன்னால் போன வண்டி இடித்துக்கொண்டு நிற்கும்.

எனவே ஒரு அடையாளத்தை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வையுங்கள். 'இன்ன மலைக்கு இந்தப் பக்கம் புகை தெரிந்தால் கிளம்புகிறோம்' என்பது ஒன்று. 'கடும் எச்சரிக்கை அறிவித்த நாளில் காலையிலேயே பாட்டியும் குழந்தைகளும் டவுனுக்குப் போய்விடுகிறார்கள்' என்பது இன்னொன்று. முடியாதவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் முதலில் கிளம்பட்டும். அதிகாரிகள் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாயின் லஹைனா நகரம் எரிந்தபோது வெளிப்புற அபாயச் சங்குகள் ஒலிக்கவே இல்லை, மின்சாரமும் செல்போனும் போயிருந்தன. செல்போன் கோபுரம் எரிந்தால் உங்கள் கையில் இருக்கும் போன் வெறும் டார்ச்தான். பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ரேடியோ வாங்கி வையுங்கள்.

ஊராகச் சேர்ந்து செய்ய வேண்டியதும் உண்டு. அந்த 2017 தீக்குப் பிறகு போர்ச்சுகல் கிராமங்களுக்கென ஒரு திட்டம் கொண்டுவந்தது: ஒவ்வொரு ஊரிலும் ஒரு பொறுப்பாளர், வெளியேறும் வழி, கிளம்ப முடியாமல் போனால் கூட வேண்டிய கட்டடம் அல்லது திறந்தவெளி, அவ்வப்போது ஒத்திகை. இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. யார் வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், யாரிடம் வண்டி இல்லை, யாருக்குக் காது கேட்காது என்று ஒரு பட்டியல் எழுதி மூன்று பேர் கையில் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

பையில் வைக்க வேண்டியவை: நிலப் பத்திர நகல், அடையாள அட்டைகள், மருந்து, மூக்குக் கண்ணாடி, தண்ணீர், பருத்தித் துணியில் முழுக்கை உடுப்பு, கம்பளி, கனமான காலணி. நைலான், பாலியெஸ்டர் வேண்டாம், உருகித் தோலோடு ஒட்டும். அப்புறம் இன்றைக்கே வீட்டின் ஒவ்வொரு அறையையும், கொட்டகையையும், மோட்டாரையும், மாடுகளின் காதுத்தோடு எண்களையும் போனில் வீடியோ எடுத்து வெளியூரில் இருக்கும் உறவினருக்கு அனுப்பிவிடுங்கள். இதன் அருமை படி 8-ல் தெரியும்.

மாடுகள்: ஏற்றிப் போக முடிந்தால் முதல் நாளே ஏற்றுங்கள். முடியாவிட்டால் புல் இல்லாத உழுத நிலத்தில் அல்லது மேய்ந்து மொட்டையான வயலில் தண்ணீரோடு விடுங்கள். எக்காரணம் கொண்டும் கட்டிப்போடவோ தொழுவத்தில் பூட்டவோ வேண்டாம். நைலான் கயிற்றைக் கழற்றுங்கள். உள்வாசல்களைத் திறந்துவிடுங்கள், சாலைப்பக்க வாசலை மட்டும் மூடுங்கள். இருட்டுப் புகையில் சாலைக்கு வந்த மாடு தானும் சாகும், தப்பிப்போகும் ஒரு குடும்பத்தையும் கொல்லும்.

படி 4: சிக்கிக்கொண்டால்

இது கடைசி வழி. ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

பலரும் நினைப்பதற்கு மாறாக, தீ தொட்டு ஆட்கள் சாவது குறைவு. அதன் கதிர்வெப்பம் தூரத்திலிருந்தே கொல்லும். வெப்பம் நேர்கோட்டில்தான் வரும், ஆகவே உங்களுக்கும் தீக்கும் நடுவில் கெட்டியாக ஏதாவது இருக்க வேண்டும், சுவரோ பாறையோ பள்ளமோ.

வீட்டுக்குள் என்றால் கதவு சன்னல் எல்லாம் மூடி, திரைச்சீலைகளை அவிழ்த்து, வாளி தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, வெளியே போக வழி உள்ள அறையில் இருங்கள். மின்சாரம் போனதும் மோட்டார் நின்றுவிடும், எனவே தண்ணீரை முன்னாலேயே பிடித்துவிடுங்கள். குளியலறையில் ஒளியாதீர்கள், பலவற்றில் வெளியேற இரண்டாவது வழி இருக்காது. வீடு பற்றிக்கொண்டாலும் முகப்பு கடந்துபோகும் அந்தச் சில நிமிடம் உள்ளேயே தாக்குப்பிடித்து, பிறகு எரிந்து முடிந்த கருநிலத்துக்கு வெளியேறுங்கள். முழுதாக எரிந்த இடம் பெரும்பாலும் மறுபடி எரியாது.

வண்டிக்குள் என்றால் செடிகொடி இல்லாத இடமாகப் பார்த்துச் சாலையை விட்டு ஒதுக்கி நிறுத்தி, முகவிளக்கு எரிய, எஞ்சின் ஓட, கண்ணாடிகளை ஏற்றி, காற்றுத் துளைகளை மூடி, சன்னல் மட்டத்துக்குக் கீழே படுத்துக் கம்பளியால் போர்த்திக்கொள்ளுங்கள். வெளியே இறங்கி ஓடத் தோன்றும். ஓடாதீர்கள்.

படி 5: திரும்பிப் போகும் நாள்

அனுமதி வரும்வரை போக வேண்டாம் என்று சொன்னால் கோபம் வரும், எனக்கும் வரும். மாடு என்ன ஆனதோ என்று தவிக்கிறவரிடம் சோதனைச்சாவடியில் நின்று விதி பேசுவது கொடுமைதான். ஆனால் காரணம் இருக்கிறது.

அறுந்து தொங்கும் மின்கம்பி உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் வேலிக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், அப்படியானால் அரை கி.மீ. தள்ளி நீங்கள் தொடும் வேலியிலும் மின்சாரம் இருக்கும். நின்றுகொண்டிருக்கும் மரம் அடியில் வேர் எரிந்து காற்றே இல்லாமல் சாயும். நிலத்துக்கு அடியில் வேரும் அடிமரமும் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே வெண்சாம்பல் படிந்து சாதாரணத் தரை மாதிரிதான் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை நெருப்புக்குழி. எனவே நீளமான குச்சியால் தட்டிப் பார்த்து நடங்கள், மரங்களுக்கு அடியில் நிற்காதீர்கள், குழந்தைகளையும் நாயையும் கூட்டிவராதீர்கள்.

எரிவாயு சிலிண்டர் அருகே வாடை வந்தாலோ அது வீங்கியிருந்தாலோ தொடாமல் விலகுங்கள். வீடு தப்பியிருந்தால் உடனே நிம்மதியாகிவிட வேண்டாம், கூரைக்கு உள்பக்கம், படிக்கட்டுக்கு அடியில், வைக்கோலில் புகை வருகிறதா என்று அடுத்த சில மணி நேரம் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

படி 6: சாம்பலைத் தொடாதீர்கள்

விறகுச் சாம்பல் வேறு, வீட்டுச் சாம்பல் வேறு. எரிந்துபோன வீட்டில் கல்நார் ஓடு, பெயின்ட், பேட்டரி, பூச்சிமருந்து, டிவி, மெத்தை எல்லாம் கலந்திருக்கும். பூச்சி அரிக்காமல் பச்சை மருந்து ஏற்றிய வேலிக்கம்பம் எரிந்திருந்தால் சாம்பலில் ஆர்செனிக் இருக்கும், அதை நக்கிய மாடு செத்துப்போகும். இது போக, சாம்பல் காரம் மிக்கது, நனைந்தால் தோலை அரிக்கும்.

வீட்டு இடிபாட்டை அரசோ பயிற்சி பெற்றவர்களோ அகற்றுவதாக இருந்தால் விட்டுவிடுங்கள். நகையோ பத்திரப் பெட்டியோ தேடித்தான் ஆக வேண்டும் என்றால் என்-95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, பூட்ஸ் போட்டுக்கொண்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளறுங்கள். துணியை மடித்து மூக்கில் கட்டினால் நுண்தூசி நிற்காது. துடைப்பம், காற்றூதி, சாதாரண வேக்குவம் கிளீனர் மூன்றும் சாம்பலை மறுபடி காற்றில் ஏற்றிவிடும். போட்டிருந்த உடுப்போடு தங்குமிடத்துக்குள் போகாதீர்கள், தனியாகத் துவையுங்கள்.

படி 7: தண்ணீர், அப்புறம் மாடு

குழாய்த் தண்ணீர் தெளிவாக வருகிறது என்பதால் குடித்துவிட வேண்டாம். 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரில் 85 பேரைக் கொன்ற தீக்குப் பிறகு அந்த ஊர்க் குடிநீர்க் குழாய்களில் பென்சீன் கண்டுபிடிக்கப்பட்டது. அழுத்தம் போன குழாய் புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் குழாய் வெந்து தானே நஞ்சை விடும். இதைக் கொதிக்கவைத்துக் குடிப்பதால் பயனில்லை, பென்சீன் ஆவியாகி அடுப்படியில் இருப்பவர் மூச்சில்தான் போகும். ஆய்வு முடிவு வரும்வரை வெளியிலிருந்து வரும் தண்ணீர்தான்.

ஆழ்துளைக் கிணறு இருந்தால் மேல்மூடி, கேபிள், பி.வி.சி. குழாய் உருகியிருக்கிறதா பாருங்கள், மின்வேலை தெரிந்தவர் பார்க்காமல் மோட்டாரைப் போடாதீர்கள். கூரை மழைநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் முதல் மழைக்கு முன்பே இறக்குக் குழாயைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் கூரைச் சாம்பல் முழுவதும் குடிநீரில் இறங்கும். குளத்தில் சாம்பலும் செத்த விலங்கும் விழுந்திருந்தால் மாட்டையும் அங்கே விடாதீர்கள்.

இனி மாடுகள். நின்றுகொண்டிருக்கிறதே, மேய்கிறதே என்று பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது. தீக்காயம் முதல் நாளில் முழுதாகத் தெரியாது. குளம்பும் தோலும் சேரும் அந்த வரியைக் கவனமாகப் பாருங்கள், வீங்கியிருந்தால், நீர் கசிந்தால், குளம்பு இரண்டொரு வாரத்தில் கழன்றுவரக்கூடும். சூடான தரையில் ஓடிய மாட்டுக்கு உடம்பில் ஒரு தழும்பும் இல்லாமல் கால் மட்டும் வெந்திருக்கும். மடியும் காம்பும் வெந்த பசு கன்றை உதைத்துத் தள்ளும், கன்று பட்டினி கிடக்கும். புகை குடித்ததன் விளைவாக நுரையீரல் அழற்சி நாட்கள் கழித்து வரலாம். எனவே முதல் நாள் ஒரு முறை, அப்புறம் குறைந்தது இரண்டு வாரம் தினமும் பாருங்கள். ஓட்டி அலைக்கழிக்காதீர்கள், மெதுவாக நடத்துங்கள்.

முதலில் நல்ல தண்ணீர், அடுத்து நிழல், அடுத்து நல்ல உலர்தீவனம். பட்டினி கிடந்த மாட்டுக்குத் தானியத்தை அள்ளிப் போட்டால் வயிறு உப்பிச் சாகும். எழுந்து நிற்க முடியாதது, குளம்பு கழன்றது, முகம் வெந்து தின்ன முடியாதது ஆகியவற்றைக் கால்நடை மருத்துவர் பார்த்து வலியில்லாமல் முடித்துவைக்கச் சொன்னால் தடுக்காதீர்கள். இதைச் செய்கிறவருக்குத் துணையாக ஒருவர் கூட நிற்பது நல்லது, தனியாகச் செய்ய வேண்டிய வேலை இல்லை இது. 2024 பிப்ரவரி இறுதியில் டெக்சஸின் வடமுனையில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்த தீயில் ஆயிரக்கணக்கில் மாடுகள் செத்தன. வாரக்கணக்கில் பண்ணைக்காரர்களுக்கு இதே வேலைதான்.

புதைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் காதுத்தோடு எண் தெரியும்படி படம் எடுங்கள். கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, பொதுக்குழியை ஊராட்சியோ கால்நடைத் துறையோ காட்டும் இடத்தில் வெட்டுங்கள்.

படி 8: காகிதம்

சுத்தம் செய்யும் முன் படம். இந்த நான்கு சொல்லைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான்கு மூலையிலிருந்தும், கிட்டத்திலும் தூரத்திலும், ஒவ்வொரு கொட்டகை, வேலி, குழாய், எரிந்த மரம் என்று எடுங்கள்.

இழப்பீடு கேட்க, போன பொருள்களின் பட்டியலை அறை வாரியாக எழுதுங்கள். மனதில் வீட்டுக்குள் நடந்துபோய் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்து எழுதினால் மறந்தவை வரும். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். தெளிப்பான், மண்வெட்டி, விதை, தீவனம், கயிறு, கைக்கருவிகள்தான் பெரும்பாலும் விடுபட்டுப்போகும், சேர்த்துப் பார்த்தால் பெரிய தொகை. தங்கும் செலவு, பெட்ரோல், தண்ணீர், தீவனம் எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள். யாரிடம் எந்தத் தேதியில் என்ன பேசினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், ஏனென்றால் மறுமுறை போகும்போது மேசையில் வேறு ஆள் இருப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

'முழுமையான, இறுதியான தீர்வு' என்று எழுதிய எந்தத் தாளிலும் முதல் மாதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தீக்குக் காரணம் யார் என்பது பிறகுதான் தெரியும். பாரடைஸ் தீ மின்நிறுவனத்தின் பழைய கம்பித்தடத்தில் தொடங்கியது, அந்த நிறுவனம் 2020-ல் 84 பேர் மரணத்துக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. டெக்சஸ் தீயிலும் மின்கம்பம்தான் பேசப்பட்டது. எனவே தீ முதலில் எங்கே எத்தனை மணிக்குத் தெரிந்தது என்பதற்கு உங்களிடம் படமோ வீடியோவோ இருந்தால் அழிக்காமல் வையுங்கள்.

முன்பணம் கேட்கும் ஒப்பந்தக்காரர் வாசலுக்கே வருவார், ஒரு வாரத்தில் கூரை போட்டுத்தருவதாகச் சொல்வார். வேலை முடிந்த அளவுக்குத்தான் பணம் என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

உதவி செய்ய நினைக்கும் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய துணி மூட்டைகளை அனுப்பாதீர்கள். பிரிக்கவும் அடுக்கவும் ஆளும் இடமும் இல்லாமல் அதுவே இன்னொரு சுமையாகிறது. பணம், தீவனம், வேலிக்கம்பி, இரண்டு கை.

படி 9: அடுத்த ஆபத்து மழை

தீ அணைய மழை வேண்டும் என்று வேண்டியிருப்போம். சரிவுக்குக் கீழே வீடு இருப்பவர்கள் அதே மழைக்குப் பயப்பட வேண்டும். 2017 டிசம்பரில் தெற்குக் கலிபோர்னியாவின் மலைகளை எரித்த 'தாமஸ்' தீ முழுதாக அணைவதற்கு முன்பே, 2018 ஜனவரி 9 விடிகாலைப் பெருமழையில் மலையிலிருந்து சேறும் பாறையும் இறங்கி மான்டசிட்டோவில் 23 பேரைக் கொன்றது. தீயில் தப்பிய வீடுகள் சேற்றில் போயின.

காரணம் இது: செடிகள் எரியும்போது வரும் மெழுகுப் பொருள் மண்ணுக்குள் இறங்கிச் சில செ.மீ. ஆழத்தில் படலமாக உறைகிறது. தண்ணீர் அதைத் தாண்டிக் கீழே இறங்காது. தடுக்கப் புல்லும் இல்லை, சருகும் இல்லை, ஆகவே பெய்த நீர் அப்படியே சரிவில் ஓடும். உங்கள் நிலத்தில் இப்படி ஆகியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: சாம்பலை ஒதுக்கிவிட்டு மண்மேல் சில துளி தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் நல்லது. முத்து முத்தாக உருண்டு நின்றால், மேலே ஒரு விரற்கடை சுரண்டிவிட்டு மறுபடி விட்டுப் பாருங்கள், படலம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியது: சரிவில் களை இல்லாத வைக்கோலைத் தரை தெரியாத அளவுக்குப் பரப்புங்கள். எரிந்த மரத்தடிகளைச் சரிவுக்குக் குறுக்கே, மண்ணோடு ஒட்டிப் படியும்படி கிடத்துங்கள், அடியில் இடைவெளி இருந்தால் அதன் வழியே நீர் பாய்ந்து அரிப்பு அதிகமாகும். கருகிய புதரையும் அடிக்கட்டைகளையும் வேரோடு பிடுங்காதீர்கள், செத்த வேர்கூட மண்ணைப் பிடித்திருக்கும். மதகு, பாலத்தடி, வாய்க்கால் அடைப்புகளை மழைக்கு முன் எடுங்கள். விதை தூவினால் போதும் என்று நம்பி உட்கார வேண்டாம், முதல் பெருமழைக்குள் அது வேர்பிடிக்காது. மழை எச்சரிக்கை வந்தால் இரவு மட்டுமாவது மேட்டில் இருக்கும் உறவினர் வீட்டில் தங்குங்கள். இந்த ஆபத்து குறைந்தது இரண்டு மழைக்காலம் நீடிக்கும்.

படி 10: நிலம், மரம், வேலி

கருகிய எல்லா மரமும் செத்ததில்லை. பட்டையைக் கத்தியால் லேசாகச் சீவினால் உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. யூகலிப்டஸ் போன்றவை தண்டிலிருந்தே தளிர்க்கும். வீட்டுமேலோ வழிமேலோ விழும் நிலையில் இருப்பதை மட்டும் இப்போது வெட்டுங்கள், மீதிக்கு அடுத்த துளிர்ப்புக் காலம் வரை பொறுங்கள். மர வியாபாரி அவசரப்படுத்துவார், அது அவர் பிரச்சினை.

மேய்ச்சல் நிலத்தில் பச்சை தெரிந்ததும் மாட்டை விடத் தோன்றும். அந்த முதல் தளிர் வேரில் மிச்சமிருந்த சேமிப்பைச் செலவழித்து வந்தது. அதையும் மேயவிட்டால் புல் செத்துக் களைதான் மிஞ்சும். ஒரு சின்னத் துண்டு நிலத்தை ஒதுக்கி அங்கேயே தீவனம் போடுங்கள். இதில் இன்னொரு பயனும் உண்டு: நன்கொடையாக வந்த வைக்கோலில் எந்த ஊர்க் களைவிதை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஒரே இடத்தில் போட்டால் முளைப்பதை அங்கேயே பிடுங்கிவிடலாம்.

வேலிதான் பண்ணைக்காரர்களின் பெரிய செலவு. முதலில் சாலைப்பக்கம், அடுத்து பக்கத்து நிலத்து எல்லை, கடைசியில் உள்வேலி. 2009 தீக்குப் பிறகு விக்டோரியாவில் ஒரு விவசாயத் தம்பதி தங்கள் வேலியைக் கட்ட ஆள் தேடியதில் தொடங்கிய 'பிளேஸ்எய்ட்' என்ற தன்னார்வ அமைப்பு இன்றும் எரிந்த ஊர்களுக்குப் போய் வேலி போட்டுக்கொடுக்கிறது. அதில் வேலி மட்டும் இல்லை, வேலை செய்துகொண்டே யாராவது பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பதும் உண்டு.

படி 11: மனிதர்கள்

முதல் இரண்டு வாரம் ஊரே ஒன்றாக இருக்கும். சமையல், சிரிப்பு, கட்டிப்பிடித்தல். அப்புறம் நிவாரணத் தொகை வர ஆரம்பிக்கும், யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு கிளம்பும். வீடு தப்பியவர் வீடு போனவரைக் கண்டால் முகம் திருப்புவார், குற்ற உணர்ச்சியில். வாடகைக்கு இருந்தவர் கணக்கிலேயே வரமாட்டார். இது உங்கள் ஊரின் குறை இல்லை, பேரழிவுக்குப் பிறகு பல ஊர்களில் நடப்பது. நிவாரணக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டினால் பாதிச் சண்டை வராது.

விக்டோரியாத் தீயில் பாதிக்கப்பட்டவர்களை மெல்போர்ன் பல்கலைக்கழகம் பத்து ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்தது. பெரும்பாலோர் மீண்டார்கள், ஆனால் பல வருடம் கழித்தும் மனநலச் சிக்கலோடு இருந்தவர்கள் உண்டு. ஊர்ச் சங்கம், விளையாட்டுக் குழு, தீயணைப்புக் குழு என்று ஏதாவது ஒன்றில் இருந்தவர்கள் பொதுவாக மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆகவே வீடு கட்டி முடியும்வரை கூட்டம் எதற்கு என்று ஒதுங்காதீர்கள். குழந்தைகள் புகை வாசனை வந்தாலே அழுவார்கள், காற்று அடித்தால் தூங்கமாட்டார்கள். அதட்டாமல் அவர்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள், பையை அடுக்குவது, நாய்க்குத் தண்ணீர் வைப்பது போல. நிலத்தை விட்டுப் போவதா, அங்கேயே கட்டுவதா என்ற முடிவை முடிந்தால் ஒரு வருடம் தள்ளி வையுங்கள். ஆண்கள், அதிலும் மாட்டைச் சுட வேண்டி வந்தவர்கள், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள். மாதம் ஒன்றுக்கு மேல் தூக்கம் வரவில்லை, குடி ஏறிவிட்டது, தொட்டதற்கெல்லாம் கோபம் என்றால் மருத்துவரைப் பார்க்க அதுவே போதுமான காரணம், தனியாகப் போகச் சொல்லாமல் கூடவே போங்கள்.